குளோரீன் இருக்கிறதா, இல்லையா? பிரிட்ஜ், ஏசி வேலை பழக வருபவர்களுக்கு ஒரு காஸ் வழிகாட்டி

வேலை பழக வரும் பெடியள் எல்லோரும் முதல் கிழமையிலேயே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணை, இதுக்கு எந்தக் காஸ் அடிக்கிறது?" நான் பதில் சொல்வதில்லை. "அதுக்குள்ள குளோரீன் இருக்கோ இல்லையோ, முதல் அதைச் சொல்லு" என்பேன். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் எந்த எண்ணெய் ஊற்றுவது, எந்த லீக் சோதனை சரிவரும், நெருப்புப் பட்டால் என்ன புகை வரும் என்பதெல்லாம் கிட்டத்தட்டத் தானாகவே விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை கூடிக்கொண்டுதான் போகிறது. வீட்டுப் பிரிட்ஜ், கடை டீப் பிரீசர், நல்லூர்த் திருவிழாவுக்கு முன் அவசரமாக வந்து சேரும் ஐஸ்கிறீம் பெட்டி, புது வீடுகளின் ஏசி என்று ஒரே நாளில் ஐந்து விதக் காஸைக் கையாள வேண்டிவரும். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்தான். படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், கூட்டல் கணக்குத் தெரிந்தால் போதும்.

இலக்கத்தோடு 90ஐக் கூட்டுங்கள்

சிலிண்டரிலோ கொம்பிரசர் தகட்டிலோ ஆர்-22 என்று இருக்கும். 22உடன் 90ஐக் கூட்டினால் 112. இடமிருந்து வாசியுங்கள்: காபன் 1, ஐதரசன் 1, புளோரீன் 2. மற்ற அணுக்களைப் பிடிக்க ஒரு காபனுக்கு நான்கு கைகள். ஐதரசன் ஒன்றும் புளோரீன் இரண்டும் மூன்று கைகளைப் பிடித்துவிட்டன. மிச்சமுள்ள ஒரு கையில் குளோரீன். ஆகவே ஆர்-22இல் குளோரீன் உண்டு.

ஆர்-12ஐப் பாருங்கள். 102 வரும். காபன் 1, ஐதரசன் இல்லை, புளோரீன் 2, மிச்சம் இரண்டு கைகளிலும் குளோரீன். ஆர்-134ஏ என்றால் 224: காபன் 2, ஐதரசன் 2, புளோரீன் 4. இரண்டு காபன் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகு வெளியே நீட்டக்கூடிய கைகள் ஆறு. ஆறும் நிரம்பிவிட்டன, குளோரீனுக்கு இடமில்லை. ஆர்-32 என்றால் 122, அதிலும் குளோரீன் இல்லை. கடைசியில் வரும் 'ஏ', 'பி' எழுத்துகள் அதே அணுக்கள் வேறு ஒழுங்கில் இருப்பதைக் காட்டுபவை. 134ஏயில் ஒரு காபனில் மூன்று புளோரீனும் மற்றதில் ஒன்றும் இருக்கும்.

இந்தக் கணக்குக்கு அடங்காதவையும் உண்டு. 400 வரிசை எல்லாம் கலவை. ஆர்-410ஏ என்பது ஆர்-32உம் ஆர்-125உம் நிறையில் பாதிக்குப் பாதி சேர்ந்தது. அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள், குளோரீன் வராது. புது வீட்டுப் பிரிட்ஜில் வரும் ஆர்-600ஏ வெறும் ஐசோபியூற்றேன். 700 வரிசையில் 700ஐக் கழித்தால் மூலக்கூற்று நிறை கிடைக்கும். ஐஸ் ஆலைகளில் ஓடும் அமோனியா ஆர்-717. அந்தக் கணக்குப்படி கிணற்றுத் தண்ணீர் ஆர்-718. இதைச் சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள், ஆனால் உண்மையாகவே அதுதான் அதன் இலக்கம்.

சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்காமல் பத்துக் காஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். ஆர்-40க்கும் போட்டு வையுங்கள். பிறகு தேவைப்படும்.

மூன்று அணுவும் மூன்று குணமும்

மெதேனில் இருக்கும் ஐதரசனை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் குளோரீனைப் போட்டுக்கொண்டு போனால் கொதிநிலை ஏறும். மெதேன் கொதிப்பது சைபருக்குக் கீழே 161 பாகையில். நான்கும் குளோரீனாகிவிட்டால் காபன் தெத்திராகுளோரைட்டு. அது 77 பாகையில்தான் கொதிக்கும், அறை வெப்பநிலையில் தண்ணீர் போலக் கிடக்கும். இப்போது அந்தக் குளோரீன்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புளோரீனைப் போடுங்கள். ஒன்று மாறினால் ஆர்-11, கொதிநிலை 24. இரண்டு மாறினால் ஆர்-12, சைபருக்குக் கீழே 30. மூன்று மாறினால் கீழே 81, நான்கும் மாறினால் கீழே 128. பிரிட்ஜுக்குத் தோதான இடம் அந்த இரண்டாவது படி. பெல்ஜியத்தில் சுவார்ட்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1890களில் அந்திமனிப் புளோரைட்டைக் கொண்டு குளோரீனை எடுத்துப் புளோரீனைப் போடும் வழியைக் கண்டிருந்தார். 1928இல் அமெரிக்காவில் மிட்ஜ்லியின் குழு அதே வழியில்தான் ஆர்-12ஐப் பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முதல் பிரிட்ஜுக்குள் ஓடியவை அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு. லீக் ஆனால் வீட்டுக்காரருக்கே ஆபத்து. 1930இல் ஒரு கூட்டத்தில் மிட்ஜ்லி புதுக் காஸை வாயால் இழுத்து ஊதி மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, எரியாது என்று காட்டுவதற்காக. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். இந்தக் காஸை அதிகமாகச் சுவாசித்தால் இதயத்துடிப்பே குழம்பிப்போகும்.

சரி, அணுக்களின் குணம். காபன்–புளோரீன் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 485 கிலோயூல் வேண்டும். காபன்–குளோரீனுக்கு 330 போதும். மூலக்கூறு எங்கேயாவது அறுந்தால் முதலில் அறுவது குளோரீன் பக்கம்தான். உயர்தரம் படித்தவர்களுக்கு, காபனில் குளோரீனோ புளோரீனோ தொங்கும் அல்கைல் ஏலைட்டுக்குச் சோடியம் ஐதரொட்சைட்டைப் போட்டுச் சூடாக்கி, பிறகு நைத்திரிக் அமிலமும் வெள்ளிநைத்திரேற்றும் விட்டுப் பார்த்த ஞாபகம் இருக்கலாம். குளோரைட்டு வெள்ளை வீழ்படிவு தரும், புளோரைட்டு பேசாமல் இருக்கும். பிணைப்பு அறுவதே கடினம், அறுந்தாலும் வெள்ளிப் புளோரைட்டு நீரில் கரைந்துவிடும்.

ஐதரசனுக்கு இரண்டு குணம். அது கூடினால் காஸ் தீப்பிடிக்கும். ஐதரசனும் காபனும் மட்டுமே உள்ள ஆர்-600ஏ சமையல் காஸின் உடன்பிறப்பு. ஆனால் ஐதரசன் உள்ள மூலக்கூறு வளியில் நீண்டகாலம் நிலைக்காது. கீழ் வளிமண்டலத்தில் அலையும் ஐதரொட்சில் மூலிகம் அந்த ஐதரசனைப் பறித்துக்கொண்டு போய்விடும், மிச்சமும் சிதைந்துவிடும். ஆர்-12 நூறு வருடமளவில் வளியில் நிற்கும். ஓர் ஐதரசன் உள்ள ஆர்-22 பன்னிரண்டு வருடமளவில் முடிந்துவிடும்.

மீட்டர் சொல்வதைக் கேளுங்கள்

சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்வரை அதன் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. பாதி சிலிண்டர், முழுச் சிலிண்டர் என்ற பேச்சே இல்லை. ஆகவே நிழலில் சில மணி நேரம் வைத்த சிலிண்டருக்கு மீட்டரைப் பூட்டினால் உள்ளே இருப்பது என்னவென்று ஓரளவு தெரியும். நம்முடைய ஊரில் 30 பாகை என்பது சாதாரண நாள். அந்த வெப்பத்தில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். ஆர்-22 சுமார் 158, ஆர்-410ஏ 260ஐ ஒட்டி, ஆர்-600ஏ 44 அளவில். நிறையவே கூடக் காட்டினால் காற்றோ வேறு காஸோ கலந்திருக்கிறது.

இந்தக் கொதிநிலைக் கணக்கைக் கண்ணால் பார்க்க ஆசையா? கழுவுவதற்குப் பாவிக்கும் ஆர்-141பி திரவம் கையில் கிடைத்தால் பாருங்கள். 231: காபன் 2, ஐதரசன் 3, புளோரீன் 1, மிச்சம் குளோரீன் 2. கொதிநிலை 32 பாகை. காலையில் மூடி திறந்தால் தண்ணீர் போலக் கிடக்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் திறந்தால் 'உஸ்' என்று சீறிக்கொண்டு கொதிக்கத் தொடங்கும். அடுப்பில்லாமல் கொதிக்கும் திரவத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நான் பயந்து போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். யன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

எண்ணெயும் ஈரமும்

குளோரீன் உள்ள ஆர்-12, ஆர்-22 போன்றவை கனிய எண்ணெயோடு ஒத்துப்போகும். காஸோடு சுற்றப் போகும் எண்ணெய் திரும்பிக் கொம்பிரசருக்கு வந்து சேரும். போதாக்குறைக்குக் குளோரீன் உலோக மேற்பரப்பில் மெல்லிய படலமாகி உராய்வையும் குறைக்கும். குளோரீன் இல்லாத ஆர்-134ஏ, ஆர்-410ஏ இரண்டும் கனிய எண்ணெயோடு கலவா. எண்ணெய் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும், கொம்பிரசர் உலர்ந்து இறுகும். அவற்றுக்குப் பொலியெசுத்தர் எண்ணெய் வேண்டும். பழைய ஆர்-12 பிரிட்ஜுக்கு எண்ணெயை மாற்றாமல் 134ஏ அடித்துவிட்டு "கொம்பிரசர் சரியில்லை" என்று பழி சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொலியெசுத்தர் எண்ணெயில் ஒரு தொல்லை, அது ஈரத்தை உறிஞ்சும். அற்ககோலையும் அமிலத்தையும் சேர்த்து எசுத்தர் செய்தால் தண்ணீர் வெளியேறும். அதே தாக்கம் தண்ணீர் கிடைத்தால் பின்பக்கமாகவும் ஓடும், அமிலம் திரும்பி வரும். கடற்கரையோரக் காற்றில் எண்ணெய்ப் போத்தலை அரைமணி நேரம் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது இந்தத் தொழிலில் பெரிய பிழை. மிச்ச எண்ணெய் தகரத்தில் இருந்தால் அடுத்த முறைக்கென்று நம்பி வைக்காதீர்கள்.

ஆர்-22லும் ஈரம் பொல்லாதது. கொம்பிரசரின் சூட்டில் தண்ணீரும் குளோரீனும் சேர்ந்தால் ஐதரோகுளோரிக் அமிலம், புளோரீன் பக்கம் உடைந்தால் ஐதரோபுளோரிக் அமிலம். அமிலம் செப்புக் குழாயைக் கரைத்துக் கொண்டுபோய்க் கொம்பிரசரின் உருக்குப் பாகங்களில் பூசிவிடும். கழற்றிப் பார்த்தால் உருக்கு சிவந்து செம்புபோல இருக்கும். ஈரத்தை இழுத்தெடுக்கும் வக்கியூம் பம்பை அரைமணி ஓடவிட்டால் போதும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். வக்கியூமை அளக்கும் மைக்ரோன் மீட்டர் 500க்குக் கீழே போய், பம்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும்.

எரிந்துபோன கொம்பிரசரைக் கழற்றும்போது எண்ணெயை வெறுங்கையால் தொடாதீர்கள். கறுத்து, கருகிய மணத்தோடு வரும் அந்த எண்ணெயில் இரண்டு அமிலங்களும் இருக்கலாம். ஐதரோபுளோரிக் அமிலம் கண்ணாடியை அரிக்கும் சாதி. தோலில் பட்டால் முதலில் பெரிதாக எரியாது, உள்ளே இறங்கி எலும்பின் கல்சியத்தையே பிடிக்கும். கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பட்டது என்று பெயரைச் சொல்லுங்கள்.

நெருப்பு

இந்தப் பகுதியை என் நெஞ்சு நினைவில் வைத்திருக்கிறது. பழகிய காலத்தில் ஒரு ஏசியின் குழாயில் காஸ் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்து, ஒட்டுவதற்குச் சுவாலையைக் காட்டினேன். சுவாலை நிறம் மாறியது, அடுத்த மூச்சில் தொண்டை அடைத்தது. மிச்சமிருந்த ஆர்-22. வெளியே ஓடி வேப்பமரத்தடியில் இருந்து இருமினேன். இரண்டு நாள் அந்த இருமல் விடவில்லை. என்னைப் பழக்கியவர் திட்டவில்லை. "தம்பி, காஸ் போட்டுது எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

குளிரில் ஆர்-22 சாதுவானது. சுவாலையிலும் செஞ்சூட்டு உலோகத்திலும் பட்டால் உடையும். ஐதரசன் குளோரைட்டும் ஐதரசன் புளோரைட்டும் வரும். காபனும் குளோரீனும் காற்றின் ஒட்சிசனைப் பிடித்தால் சிறிதளவு பொஸ்ஜீனும் வரலாம். முதலாம் உலகப் போரில் நச்சுப் புகையாக விட்டது அதைத்தான். குளோரீன் இல்லாத 134ஏ பொஸ்ஜீன் தராது என்று நிம்மதி அடைய வேண்டாம், ஐதரசன் புளோரைட்டை அதுவும் தரும். பத்தவைத்த சிகரெட்டின் நுனிக்கும் இதைச் செய்யும் அளவுக்குச் சூடு உண்டு.

ஆகவே ஒழுங்கு இதுதான்: காஸை ரிகவரி மெசினால் சிலிண்டருக்குள் எடுங்கள், குழாய்க்குள் நைதரசன் ஓடவிடுங்கள், ஒரு முனை திறந்திருக்கட்டும், கதவு யன்னல் திறந்திருக்கட்டும், பிறகு சுவாலை. ஆர்-22, 134ஏ போன்றவை காற்றைவிட மூன்று மடங்களவு பாரமானவை. நிலத்தோடு படிந்து கிடக்கும், மேலே போய்விடும் என்று காத்திருப்பதில் பிரயோசனமில்லை. எரியக்கூடிய ஆர்-600ஏ, ஆர்-290 (புரொப்பேன்) உள்ள பெட்டிகளில் குழாயைப் பிறேசிங் (சுவாலையால் ஒட்டுவது) செய்யப் பழகும்வரை தொடவே தொடாதீர்கள்.

பச்சைச் சுவாலையும் ஒரு கள்ளச் சிலிண்டரும்

பழைய வேர்க்ஷொப்களில் ஏலைட்டு விளக்கு என்று ஒன்று தொங்கும். சின்ன பர்னர், அதற்குள் ஒரு செப்புத் தகடு, பக்கத்தில் காற்றை இழுக்கும் ஒரு றப்பர் குழாய். குழாய் வாயை மூட்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோனால், ஆர்-22 லீக் இருக்கும் இடத்தில் நீலச் சுவாலை பச்சையாகும். செஞ்சூட்டுச் செம்பில் குளோரீன் சேர்ந்து ஆவியாகக்கூடிய செப்புக் குளோரைட்டாகி நிறத்தைக் கொடுக்கிறது. பைல்ஸ்டைன் 1872இல் சொன்ன சோதனையும் இதுதான், அவருடையது வெறும் செப்புக் கம்பி. செப்புப் புளோரைட்டு இப்படி ஆவியாகாது, ஆகவே 134ஏக்கு இந்த விளக்கு அசையாது. அதனால்தான் எல்லோரும் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள். லீக் பார்க்கச் சவர்க்கார நுரையே போதும், இன்னும் நல்லது மின்னணுக் கருவி. எரியும் காஸுக்குக் கிட்ட இந்த விளக்கைக் கொண்டுபோகவே கூடாது.

நான் அதை எறியவில்லை. ஒருமுறை 134ஏ என்று எழுதிய சிலிண்டர் ஒன்று வழமையைவிட மலிவாகக் கிடைத்தது. மீட்டரைப் பூட்டினேன், ஊசி சரியான இடத்தை ஒட்டித்தான் நின்றது. ஆனாலும் கை கூசியது. முற்றத்தில் வைத்துக் குழாய் வாய்க்கு ஒரு மூச்சளவு காஸை விட்டேன். சுவாலை பச்சை, பாசிபோல நல்ல பச்சை.

134ஏயில் ஆறு கைகளும் நிரம்பியிருக்கின்றன. பச்சை வந்தால் குளோரீன் உள்ள வேறு ஏதோ உள்ளே இருக்கிறது. அது ஆர்-22ஆக இருக்கலாம், ஆர்-40ஆகவும் இருக்கலாம். அந்தக் கணக்கை இப்போது எடுங்கள்: 130, காபன் 1, ஐதரசன் 3, புளோரீன் இல்லை, குளோரீன் 1. மெதயில் குளோரைட்டு. இது கொதிப்பது சைபருக்குக் கீழே 24இல், 134ஏ கீழே 26இல். இவ்வளவு கிட்ட இருப்பதால் மீட்டர் ஏமாறும்.

இந்தக் கள்ளக் கலப்பு ஏன் இவ்வளவு பயங்கரம் என்றால், மெதயில் குளோரைட்டு அலுமினியத்தோடு தாக்கமுறும். பிரிட்ஜின் குளிர்த்தட்டும் பல கொம்பிரசர் பாகங்களும் அலுமினியம். தாக்கத்தில் உண்டாகும் மும்மெதயில் அலுமினியத்துக்கு நெருப்புக்குச்சி தேவையில்லை, காற்றுப் பட்டாலே எரியும். 2011இல் குளிரூட்டிய கப்பல் கொள்கலன்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் ஆட்கள் இறந்தது இப்படித்தான். அந்தச் சிலிண்டரை நான் ஒரு பெட்டிக்கும் அடிக்கவில்லை. விற்றவர் திருப்பி எடுக்கவும் இல்லை. போன காசு போனதுதான். ஏற்கெனவே இப்படியான காஸ் ஓடும் பெட்டி என்று சந்தேகம் வந்தால் குழாயைத் திறக்காமல், ஓடவும் விடாமல், மூத்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

வானத்துக்கு விட்டால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐதரசன் இல்லாத ஆர்-12 கீழ் வளியில் உடையாமல் மேலே ஏறிவிடும். அங்கே புறஊதாக் கதிர் குளோரீனைப் பிய்த்துவிடும். அந்தத் தனிக் குளோரீன் ஓசோனிலிருந்து ஓர் ஒட்சிசனைப் பறித்து, அதை இன்னோர் ஒட்சிசன் அணுவிடம் கொடுத்துவிட்டு, பழையபடி தனிக் குளோரீனாக நிற்கும். அடுத்த ஓசோனுக்குப் போகும். ஒரு குளோரீன் ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை இப்படி முடிக்கலாம். மொலினாவும் ரோலண்டும் 1974இல் இதை எழுதினார்கள், 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேல் ஓட்டை தெரியவந்தது, 1987 செப்டெம்பர் 16இல் இப்படியான காஸ்களைக் குறைப்பதற்கான மொன்றியல் உடன்படிக்கை. நம் போன்ற நாடுகளில் ஆர்-12 இறக்குமதி 2010உடன் முடிந்தது. ஆர்-22 படிப்படியாகக் குறைந்து 2030இல் நிற்க வேண்டும், பழையவற்றைத் திருத்த ஒரு சிறு பங்கு மட்டும் 2040வரை.

குளோரீன் இல்லாதவை ஓசோனைத் தொடா, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ 134ஏயை வெளியே விட்டால் 1,430 கிலோ காபனீரொட்சைட்டு விட்ட கணக்கு. ஆர்-410ஏக்கு 2,088, ஆர்-32க்கு 675. புது ஏசிகள் ஆர்-32க்கு மாறுவது இதனால்தான். அது மெல்ல எரியக்கூடியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசியாகச் செய்வது

ஆர்-22 ஏசிக்கு "எல்லாம் ஒண்டுதான்" என்று ஆர்-290 அடிக்கச் சொல்பவர்கள் வருவார்கள். கொதிநிலை கீழே 41உம் 42உம் என்று கிட்டக்கிட்ட இருப்பது உண்மைதான், குளிரும்தான். ஆனால் அந்தப் பெட்டியின் சுவிட்சுகளை எரியும் காஸை நினைத்து யாரும் செய்யவில்லை. செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் கொம்பிரசரில் ஒரு துண்டு டேப் ஒட்டி அழியாத மையால் எழுதுங்கள்: காஸின் இலக்கம், எத்தனை கிராம், எந்த எண்ணெய், திகதி. இரண்டு வருடம் கழித்து அதே பெட்டியைத் திறக்கப்போகிறவன் சிலவேளை நீங்களே.